கம்யூட்டேஷன்: மன்னிப்பு அல்ல, தண்டனைக் குறைப்பு

மோசடி வழக்கில் சிக்கிய தொழிலதிபரை அமெரிக்க அதிபர் விடுவித்தால், தமிழ்ச் செய்திகள் பெரும்பாலும் 'பொதுமன்னிப்பு' என்றே எழுதுகின்றன. இதில் இரண்டு பிழைகள். பொதுமன்னிப்பு ஒரு கூட்டத்தாருக்கு மொத்தமாக வழங்குவது. ஆங்கிலத்தில் அதற்கு 'ஆம்னெஸ்டி' என்று பெயர். 'மறத்தல்' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் அது. தனி ஒருவருக்குத் தருவது மன்னிப்பு மட்டுமே. அடுத்த பிழை இன்னும் பெரிது: பல வேளைகளில் அதிபர் தந்தது மன்னிப்பே அல்ல, 'கம்யூட்டேஷன்' எனும் தண்டனைக் குறைப்பு.

மன்னிப்பைக் குறிக்கும் 'பார்டன்' பிற்கால இலத்தீனின் 'பெர்தோனாரே'யிலிருந்து வந்தது. 'பெர்' என்றால் முழுதும், 'தோனாரே' என்றால் கொடுத்தல். நம் 'விட்டுக்கொடுத்தல்' ஏறக்குறைய அதே படிமம். 'கம்யூட்' என்பதற்கு இலத்தீன் மூலம் 'கொம்மூதாரே', அதாவது மாற்றுதல். குடியரசுத் தலைவருக்குக் கருணை அதிகாரம் தரும் இந்திய அரசமைப்பின் 72ஆம் பிரிவை ஒட்டிப் பேசும்போது 'தண்டனை மாற்றம்' பொருந்தும். தூக்கு ஆயுளாகிறது, தண்டனையின் வகையே மாறுகிறது. அமெரிக்காவிலோ 27 ஆண்டுச் சிறையை 8 ஆண்டோடு முடிப்பதும் கம்யூட்டேஷன்தான். அங்கே மாறுவது அளவு. ஆகவே அந்நாட்டுச் செய்திக்குத் 'தண்டனைக் குறைப்பு' என்பதே சரியான தமிழ்.

வேறுபாடு எங்கே உறைக்கும் என்றால், பணத்தில். அயோவாவில் இறைச்சி ஆலை நடத்திய ஷோலம் ரபாஷ்கினுக்கு வங்கி மோசடிக்காக 27 ஆண்டுச் சிறை. 2017 டிசம்பரில், எட்டாண்டுக்கு மேல் சிறையில் இருந்த பிறகு, டிரம்ப் தண்டனையைக் குறைத்தார். சிறைக்கதவு திறந்தது, குற்றத்தீர்ப்பு, விடுதலைக்குப் பிந்தைய கண்காணிப்பு, இழப்பீட்டுக் கடன் மூன்றும் அப்படியே நின்றன. நிக்கோலா என்ற மின்சார லாரி நிறுவனத்தைத் தொடங்கி, முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில் சிக்கிய ட்ரெவர் மில்டன் கதை வேறு. சொந்த விசையில் ஓடாத லாரியைச் சரிவில் உருளவிட்டு எடுத்த காணொளி அவர் வழக்கில் பேசப்பட்டது. 2023இல் 4 ஆண்டுச் சிறை விதித்தார்கள். மேல்முறையீடு நடந்ததால் சிறைக்குப் போகவில்லை. 2025 மார்ச்சில் கிடைத்தது முழு மன்னிப்பு. முதலீட்டாளர்களுக்கான இழப்பீட்டுத் தொகையை நீதிமன்றம் முடிவுசெய்யும் முன்பே வந்துவிட்டதால், அந்தப் பணத்துக்கான வழியும் அடைபட்டது. ஏமாந்து பணம் போட்டவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: வந்தது மன்னிப்பா, குறைப்பா?

குறைப்பு ஆணையிலும் அதிபர் ஒரு வரி சேர்த்து இழப்பீட்டைத் தள்ளுபடி செய்ய முடியும். எனவே ஆணையின் வாசகத்தைப் படிக்காமல் எழுதக் கூடாது. ஏற்கெனவே கருவூலத்துக்குப் போன பணத்தை மன்னிப்பைக் காட்டித் திரும்பப் பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1877இலேயே கூறிவிட்டது.

மன்னிப்பு 'நிரபராதி' என்ற சான்றும் அல்ல. பங்குச் சந்தைக் குற்றங்களுக்காகச் சிறை சென்ற நிதியாளர் மைக்கேல் மில்கன் 2020இல் மன்னிக்கப்பட்டார். பங்குத் தொழிலில் அவருக்கிருந்த வாழ்நாள் தடை அதனால் நீங்கவில்லை. மாநிலச் சட்டப்படியான குற்றங்களை அதிபர் தொடவே முடியாது.

அமெரிக்க நீதித்துறை அமைச்சகத்தின் விதிப்படி, மன்னிப்பு கேட்பவர் விடுதலையான பின் 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். சிறைத் தண்டனையே இல்லையென்றால் தீர்ப்பு நாளிலிருந்து 5 ஆண்டு. இவ்விதி மனுதாரருக்குத்தான், அதிபரைக் கட்டாது. 1983இல் குற்றச்சாட்டுப் பதிவாகி, விசாரணைக்கே வராமல் சுவிட்சர்லாந்தில் இருந்த எண்ணெய் வணிகர் மார்க் ரிச்சுக்கு அதிபர் கிளின்டன் 2001இல் பதவியின் கடைசி நாளில் மன்னிப்பு அளித்தார்.

'ரிப்ரீவ்' தண்டனை நிறுத்திவைப்பு. அபராதத்தைக் கைவிடுவது தண்டத் தள்ளுபடி. இவை அனைத்துக்கும் பொதுப்பெயரான 'கிளெமென்சி'க்குக் 'கருணை' வழக்கில் ஊன்றிவிட்டது. தனித்தமிழில் 'தண்டனைப் பொறுத்தருளல்' எனலாம்.