வால்வு கசிகிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது

பெங்களூருவில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கமிருந்தும் ஓசூரிலிருந்தும் என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்கள் எக்கோ அறிக்கையை மேசையில் வைத்த கையோடு கேட்பது இது: "டாக்டர், நெஞ்சைத் திறக்காமல் க்ளிப் போட்டே சரிசெய்துவிடலாமாமே?" ரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய், வால்வின் இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கவைக்கும் சிறு கவ்விதான் இந்தக் க்ளிப். கைப்பேசியில் பார்த்துவிட்டு வருகிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் வால்வு ஏன் கசிகிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே, ரத்தம் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் கதவுபோல இருப்பது மைட்ரல் வால்வு. சிலருக்குக் கதவே பழுதாகிறது: இதழ் தொய்ந்துவிடும், அதை இழுத்துப் பிடிக்கும் நாண் அறுந்துவிடும், அல்லது சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதழ் தடித்துச் சுருங்கியிருக்கும். வேறு சிலருக்குக் கதவு நன்றாகவே இருக்கும், அதைத் தாங்கும் நிலைச்சட்டம்தான் விரிந்துபோயிருக்கும். மாரடைப்புக்குப் பிறகு இதயம் பெரிதாகி, இதழ்கள் ஒன்றையொன்று எட்டாமல் போவது இப்படித்தான்.

இப்படி நிலைச்சட்டம் விரிந்தவர்களுக்கு முதல் சிகிச்சை மாத்திரைதான். உடல் தாங்கும் அளவுக்கு அதைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போனாலே சிலருக்குக் கசிவு குறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் மூச்சு வாங்கினால்தான் க்ளிப்பைப் பற்றிய பேச்சு. 2018இல் இதுபற்றி இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. 'கோஆப்ட்' ஆய்வில் க்ளிப் போட்டவர்களிடையே இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் தெளிவாகக் குறைந்தன. பிரான்சில் நடந்த 'மித்ரா-எஃப்ஆர்' ஆய்விலோ அந்தப் பயன் தெரியவில்லை. முதலாவதில் மருந்தை முழுமையாகக் கொடுத்துப் பார்த்த பிறகே ஆட்களைச் சேர்த்தார்கள். அவர்களுக்குக் கசிவும் அதிகம். இரண்டாவதில் இதயம் இன்னும் பெரிதாக விரிந்திருந்தது, கசிவு குறைவு. ஒரே க்ளிப்தான், ஆட்கள்தான் வேறு.

கதவே பழுதானவர்களுக்கு மாத்திரை மூச்சிரைப்பைத் தணிக்கும், அவ்வளவுதான்; அறுந்த நாணை ஒட்டாது. இதழ் தொய்வுக்கு, கைதேர்ந்த அறுவை நிபுணர் சொந்த வால்வையே பழுதுபார்த்துக் கொடுப்பதற்கு இணையில்லை என்பது என் கருத்து. 'ஆண்டுக்கு எத்தனை வால்வு பழுதுபார்க்கிறீர்கள்?' என்று அவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். முதுமையாலோ பிற நோய்களாலோ அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்குக் க்ளிப் பெரிய வரம். மற்றவர்களுக்கு அதை நான் முதலில் சொல்வதில்லை. கொஞ்சம் கசிவு மிஞ்சலாம். பிற்பாடு அறுவை தேவைப்பட்டால் பழுதுபார்க்க வழியில்லாமல் வால்வையே மாற்ற வேண்டிவரலாம். ருமாட்டிக் வால்வில் பெரும்பாலும் க்ளிப்புக்கு இடமே இல்லை. ஏற்கெனவே குறுகிய வாயை அது இன்னும் குறுக்கிவிடும்.

"நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தள்ளிப்போடுபவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். அறிக்கையில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளித்தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 58 என்று இருக்கும். மற்றவர்களுக்கு அது நல்ல எண். ஆனால் கடுமையான கசிவில் ரத்தத்தின் ஒரு பகுதி பின்னோக்கிச் சுலபமாகப் போய்விடுவதால் எண் உயர்ந்தே தெரியும். கதவு பழுதானவர்களுக்கு அது 60 அல்லது அதற்குக் கீழே வந்தாலும், சுருங்கிய நிலையில் இடது கீழறையின் விட்டம் 40 மில்லிமீட்டரைத் தொட்டாலும், மூச்சிரைப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உலோக வால்வா, விலங்குத் திசுவால் செய்த திசு வால்வா? திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. உலோக வகையில் நம் ஊர்க்காரர்களுக்குக் கட்டுப்படியான விலையில் கிடைப்பது அது. எந்த உலோக வால்வானாலும் ஆயுள் முழுவதும் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்தும், அந்த மருந்தின் அளவு சரியா என்று பார்க்கும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையும் உண்டு. பரிசோதனை தேவைப்படாத புதிய ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் இதற்கு ஆகாது. திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் தேய்ந்துபோகும்; இளவயதினருக்கு இன்னும் சீக்கிரம்.

குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு இந்தத் தேர்வு மிகக் கடினமானது. வார்ஃபரின் கருவைப் பாதிக்கலாம். தானாக நிறுத்தினாலோ வால்வில் ரத்தம் உறையலாம். திசு வால்வு என்றால் இன்னோர் அறுவைக்கு மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும். அறுவைக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும். அதுவும் கணவரிடமும் மாமியாரிடமும் மட்டுமல்ல, அந்தப் பெண்ணிடமே.