மேனேஜர் இடம் காலியானால் முதலில் யாரைக் கூப்பிடுவது?

சில்லறை விற்பனைக் கடைகளுக்கு ஆள் தேர்விலும் பயிற்சியிலும் உதவுவது என் தொழில். கடை நடத்துபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மேனேஜர் வேலையை விட்டுப் போய்விட்டார். உள்ளே இருப்பவருக்கே பதவி உயர்வு கொடுக்கலாமா, வெளியிலிருந்து அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டுவரலாமா?"

பதில் சொல்வதற்கு முன் நான் கேட்பது: "இப்போது கடைச் சாவி யார் கையில் இருக்கிறது?"

யாரோ ஒருவர் கையில் இருக்கத்தான் செய்யும். அநேகமாக ஒரு சூப்பர்வைசர், இல்லையென்றால் பல வருடமாக அங்கேயே இருக்கும் மூத்த விற்பனையாளர். காலையில் ஷட்டரைத் திறப்பவர் அவர். அடுத்த வாரத்துக்கு ஷிஃப்ட் போடுபவர் அவர். இரவு பில்லிங் கவுண்டரில் கணக்கு இடித்தால், வீட்டுக்குப் போன பிறகும் போன் வருவது அவருக்குத்தான். பதவி பழையது, சம்பளமும் பழையது. "புது ஆள் வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். அது மாதக்கணக்கில் நீளும்.

அப்புறம் ஒரு நாள் புது மேனேஜர் வந்து நிற்பார். கூடவே சாவி வைத்திருந்தவருக்கு ஒரு உத்தரவும் வரும்: "இவருக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடுங்கள்."

நான் பயிற்சிக்குப் போன ஒரு கடையில் இதைப் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். பொறுப்பில் இருந்த அந்தப் பெண் புது மேனேஜரைக் குடோனுக்கு அழைத்துப்போய், எந்த சப்ளையர் பெட்டி எண்ணிக்கையைக் குறைத்து இறக்குவார், எந்த ரேக்கில் சரக்கு அடிக்கடி காணாமல் போகிறது, மாதக் கடைசியில் ரிட்டர்ன் ஏன் குவிகிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். புது மேனேஜர் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தப் பதவிக்குத் தேவையான அத்தனையும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அவரை நேர்காணலுக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. சில வாரங்களில் அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். பில்லிங்கில் அவரோடு இருந்தவர்களும் பின்னாலேயே போனார்கள்.

வெளியாள் வந்ததற்காக ஊழியர்கள் வேலையை விடுவது அரிது. தங்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லையே என்பதுதான் அவர்களை உறுத்தும். முதலாளிகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். வெளியிலிருந்து ஆள் எடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

கணக்குப் பார்த்தாலும் அதுதான் சரி. அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளிப் பேராசிரியர் மாத்யூ பிட்வெல், ஒரு முதலீட்டு வங்கியின் ஊழியர் விவரங்களை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார். வெளியிலிருந்து வந்தவர்கள், அதே மாதிரி வேலைக்கு உள்ளிருந்து உயர்ந்தவர்களைவிட ஏறத்தாழ 18 சதவீதம் அதிகச் சம்பளம் வாங்கினார்கள். முதல் இரண்டு வருடங்களில் அவர்களுக்குக் கிடைத்த செயல்திறன் மதிப்பீடு குறைவு. வேலையை விட்டுப் போவதும், விலக்கப்படுவதும் அவர்களிடம்தான் அதிகம். அவர்களுடைய படிப்பும் அனுபவமும் கூடுதலாகவே இருந்தன, அதனால்தான் அந்தச் சம்பளம். வங்கி வேறு, கடை வேறுதான். ஆனால் அந்த முதல் இரண்டு வருடத் தடுமாற்றம் கடையிலும் வரும் என்பது என் அனுபவம். இடத்தைப் பொறுத்த அறிவு இந்தத் தொழிலில் அவ்வளவு முக்கியம். ஒரு கடையில் எந்த நேரம் கூட்டம் நெரியும், யாரை எந்த கவுண்டரில் நிறுத்தினால் வரிசை நகரும் என்பதெல்லாம் பயோடேட்டாவில் வராது.

சரி, அப்படியானால் நன்றாக விற்பவரை மேனேஜர் ஆக்கிவிடலாமா? இங்கேதான் பல கடைகள் சறுக்குகின்றன. விற்பனைத் திறமையும் ஆட்களை நடத்தும் திறமையும் வேறு வேறு. ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 131 நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களை ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு அதிகம் கிடைத்தது. ஆனால் அவர்கள் மேனேஜர் ஆன பிறகு, அவர்களுக்குக் கீழே வேலை செய்தவர்களின் விற்பனை குறைந்தது. மற்றவர்களோடு சேர்ந்து விற்று, அதன் பலனைப் பகிர்ந்துகொண்டு பழகியவர்கள் மேனேஜராக நன்றாகச் செய்தார்கள்.

இது எனக்கு ரொம்பவே பிடித்த முடிவு, ஏனென்றால் கடைத்தளத்தில் இதைக் கண்ணால் பார்க்க முடியும். வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்ததும் முந்திக்கொண்டு ஓடுபவர் ஒருவர். "இந்தப் பொருளைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும், கூப்பிடுகிறேன்" என்று பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டுபவர் இன்னொருவர். இரண்டாமவரின் பெயர் மாத விற்பனைப் பட்டியலில் மேலே இருக்காது. மேனேஜர் வேலைக்கு நான் அவரைத்தான் முதலில் பார்ப்பேன். நன்றாக விற்பவரையும் விட்டுவிடக் கூடாது. ஆள் மேய்க்காமலே அவர் சம்பளத்தில் உயர ஒரு வழி இருந்தால், பதவி கிடைக்கவில்லை என்று அவர் மனம் நோகாது.

வெளியாள் தேவைப்படும் நேரங்களும் உண்டு. கடைக்குள் சரக்குத் திருட்டோ கோஷ்டிச் சண்டையோ வேரூன்றிவிட்டால், உள்ளிருந்து உயரும் ஒருவரால் அதைச் சரிசெய்வது கடினம். உள்ளே யாருக்குமே பழக்கமில்லாத தொழிலில் இறங்கும்போதும் அப்படித்தான். ஆனால் வருபவர் எந்த மனநிலையோடு வருகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆப்பிள் கடைகளை வளர்த்தவர் என்று பெயரெடுத்த ரான் ஜான்சன், 2011 கடைசியில் ஜே.சி. பென்னி என்ற அமெரிக்க பல்பொருள் கடை நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். சில கடைகளில் சோதித்துக்கூடப் பார்க்காமல், கூப்பனையும் அடுக்கடுக்கான தள்ளுபடியையும் எடுத்துவிட்டு நிரந்தரக் குறைந்த விலை முறையைக் கொண்டுவந்தார். 2012-இல் விற்பனை ஏறத்தாழ கால் பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. அந்தக் கடைக்கு வருபவர்கள் கூப்பனைத் தேடித்தான் வருகிறார்கள் என்பது, பில் போடுகிறவர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்த விஷயம்.

2012-இல் பெஸ்ட் பை என்ற அமெரிக்க மின்னணுப் பொருள் கடை நிறுவனத்தின் தலைமைக்கு வந்த ஊபேர் ஜோலியும் வெளியாள்தான். அதுவரை சில்லறை வணிகத்தையே நடத்தாதவர். தொடக்க நாட்களை அவர் ஒரு கிளையில் ஊழியர்களின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, 'பயிற்சியில் இருக்கும் தலைமை அதிகாரி' என்ற அட்டையோடு கழித்தார். விற்பனையாளர்கள் சொன்ன குறைகளைக் கேட்டார். நஷ்டத்தில் தத்தளித்த நிறுவனம் மீண்டது. இன்னொரு பக்கம், காஸ்ட்கோ என்ற அமெரிக்க மொத்த விற்பனைக் கடை நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை 2024-இல் ஏற்ற ரான் வாக்ரிஸ், பின்னாளில் அதோடு இணைந்த பிரைஸ் கிளப்பில் 1982-இல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநராகச் சேர்ந்தவர். கீழேயிருந்து அவ்வளவு தூரம் வர முடியும் என்று ஊழியர்களுக்குத் தெரிந்தால், நல்லவர்கள் தங்குவார்கள்.

ஆகவே என் யோசனைகள் இவை. மேனேஜர் இடம் காலியானால், விளம்பரம் கொடுக்கும் முன் ஊழியர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். விண்ணப்பிக்கும் உள் ஊழியரை, வெளியாளை உட்காரவைப்பது போலவே உட்காரவைத்து நேர்காணல் செய்யுங்கள். பதவியை அவருக்குக் கொடுக்க முடியவில்லை என்றால், புது ஆள் வருவதற்கு முன்னாலேயே நேரில் கூப்பிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள். "அடுத்த தடவை பார்க்கலாம்" என்ற ஒற்றை வரி காரணம் ஆகாது. "ஸ்டாக் கணக்கில் உங்களுக்கு இன்னும் பிடி வரவில்லை, ஆறு மாதம் அதைச் செய்யுங்கள்" என்பது காரணம்.

உள்ளிருந்து உயர்த்தினால், பழைய சம்பளத்தின் மேல் சின்ன இன்கிரிமென்ட் போட்டு முடித்துவிடாதீர்கள். வெளியாளுக்கு என்ன கொடுத்திருப்பீர்களோ அதை ஒட்டிக் கொடுங்கள். நேற்று வரை கூடச் சாப்பிட்டவருக்கு இன்று லீவு மறுக்க வேண்டிவரும். அதுதான் புது மேனேஜருக்கு முதல் சோதனை. முடிந்தால் வேறு கிளையில் பொறுப்பு கொடுங்கள். முடியாவிட்டால், பதவி உயர்வை எல்லோர் முன்னிலையிலும் மேலிடமே அறிவிக்கட்டும். முதல் மூன்று மாதமாவது, அவர் சந்தேகம் கேட்க ஒரு மூத்த மேனேஜர் கிடைக்க வேண்டும்.

இதைப் படிக்கும் நீங்கள் அந்தச் சாவியைக் கையில் வைத்திருப்பவர் என்றால், உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூடுதல் பொறுப்பை மறுக்க வேண்டாம், அது நல்ல அனுபவம். ஆனால் ஏற்கும் நாளிலேயே கேளுங்கள்: இது எந்தத் தேதி வரை, இதற்குத் தனிப்படி உண்டா, நிரந்தர இடத்துக்கு என்னையும் பரிசீலிப்பீர்களா? பதிலை ஒரு மின்னஞ்சலிலோ மெசேஜிலோ வாங்கி வையுங்கள். அந்த நாட்களில் கடை எப்படி நடந்தது என்பதற்கு விற்பனை, சரக்கு இழப்பு, லீவு, புகார் ஆகியவற்றை வாரம் ஒரு தடவை குறித்து வாருங்கள். குறித்த தேதி வந்ததும் அந்தக் குறிப்போடு போய், நீங்களே பேச்சை எடுங்கள். அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.