ஹால்ட்: நிலையமா, நிறுத்தமா?

சேலம் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்கள் 'டேசன்' வேறு, 'ஆல்ட்' வேறு என்று பிரித்தே பேசுவார்கள். டேசன் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் இருப்பார், கைகாட்டி இருக்கும், எதிர்வண்டிக்கு வழிவிட இன்னொரு தண்டவாளம் இருக்கும். ஹால்ட்டில் பொதுவாக இது எதுவும் கிடையாது. ஒரு மேடை, ஒரு பெயர்ப்பலகை, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கொட்டகை. வண்டி நிற்கும், ஆள் இறங்கும், கார்டு பச்சைக்கொடி காட்டினால் கிளம்பிவிடும். பல ஹால்ட்களில் டிக்கெட் கொடுப்பவர்கூட ரயில்வே ஊழியர் அல்ல, கமிஷனுக்கு விற்பவர். கூட்டம் குறைந்த ஸ்டேஷனை ஹால்ட்டாக இறக்கிவிடுவதும் உண்டு.

சொல்லின் பூர்வீகம் ஜெர்மன். 'ஹால்டன்' என்றால் பிடித்தல், நிறுத்திவைத்தல். நடந்துபோகும் படையை நிறுத்தும் கட்டளையாக ஆங்கிலத்துக்குள் வந்து, அப்புறம்தான் ரயில் ஏறியது. ஆங்கில 'ஹோல்ட்' இதற்குப் பங்காளி. ஆக, நம் பஸ் கண்டக்டர் கத்தும் 'ஹோல்டா'னும் இந்த ஹால்ட்டும் ஒரே குடும்பம்!

தமிழில் ஸ்டேஷன் நிலையம், ஹால்ட் நிறுத்தம். (இருப்பிடத்தைக் குறிக்கும் 'நிலயம்' என்ற வடசொல்லும் ஒன்று உண்டு, நான் சொல்வது 'நிலை'யை வைத்து.) நிலைக்கு வேர் 'நில்'. அதன் பிறவினை 'நிறுத்து'. நிலை தானாக நிற்பது. நிறுத்தம் யாரோ நிறுத்துவதால் உண்டாவது.

இந்த வித்தியாசம் கைவிட்ட பாதைகளில் பளிச்சென்று தெரியும். தருமபுரி சேலம் மாவட்டத்தோடு இருந்த காலத்தில், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலத்தில் குறுகிய ரயில்பாதை போட்டார்கள். 1906-ல் வண்டி ஓடியது, 1913-ல் ஓசூர் வரை போனது, 1941-ல் மூடிவிட்டார்கள். இப்படித் தண்டவாளம் போன ஊரிலும் கட்டடம் மிஞ்சினால் 'பழைய டேசன்' என்று கைகாட்டலாம். ஹால்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வண்டி நிற்காத நாளிலிருந்து அங்கே நிறுத்தமும் இல்லை.

சரி, நிறுத்தம் என்ற சொல்லில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 'எங்கள் ஊரில் ரயில் நிறுத்தம்' என்றால் வண்டி இனி நிற்குமா, இல்லை ஓடவே ஓடாதா? 'வேலைநிறுத்தம்' பழகிய காது இரண்டாவதைத்தான் நினைக்கும். இலங்கைத் தமிழர் பஸ் நிற்கும் இடத்தைத் 'தரிப்பிடம்' என்கிறார்கள். தரித்தல் என்றால் தங்குதல், நிற்றல். பழைய சொல்தான், குழப்பமும் இல்லை. எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் சேலத்தில் போய்ச் சொன்னால் முகத்தைப் பார்ப்பார்கள். எனவே எழுதும்போது 'ரயில் நிற்குமிடம்' என்றே போடுகிறேன்.

பஸ்காரர்களின் 'நைட் ஹால்ட்' வேறு கதை. கடைசி நடையாக மலையூருக்கு ஏறிய பஸ் ராத்திரி அங்கேயே கிடந்து, விடியற்காலை முதல் நடையாகச் சேலத்துக்கு இறங்கும். அதற்கு நிறுத்தமும் ஒட்டாது, நிற்குமிடமும் ஒட்டாது. அது இரவுத் தங்கல்.