வாசனை எண்ணெய்: முகர்வது வேறு, விழுங்குவது வேறு

ஆரஞ்சுத் தோலை உரித்து, எரிகிற மெழுகுவத்தியின் பக்கத்தில் பிடித்து, இரண்டாக மடக்கி அழுத்திப் பாருங்கள். தோலிலிருந்து மெல்லிய தூறல் பீய்ச்சி அடிக்கும். அது சுடரில் பட்டதும் சடசடவென்று பொறி பறக்கும். அதே தோலை நன்றாக ஊதிய பலூன் மேல் பிழிந்தால், பல நேரம் பலூன் படாரென்று வெடித்துவிடும். தோலின் மேல் ஊசிமுனை அளவுக்குத் தெரிகிற புள்ளிகள் எல்லாம் குட்டி எண்ணெய்ப் பைகள். அவற்றில் பெரும்பங்கு லிமோனின் என்ற ஒரே பொருள். மணப்பதும் அதுதான், தீப்பிடிப்பதும் அதுதான், ரப்பரை இளக்குவதும் அதுதான்.

அரோமாதெரபி என்கிற நறுமண சிகிச்சையைப் புரிந்துகொள்ள இந்த ஆரஞ்சுத் தோல் போதும். அதில் பயன்படுகிற எண்ணெய்கள் எல்லாமே இப்படி எளிதில் ஆவியாகிற, கொழுப்பில் கரைகிற சிறிய மூலக்கூறுகளின் கலவைதான். ஆவியாவதால் மூக்கை எட்டுகின்றன. கொழுப்பில் கரைவதால் தோலுக்குள்ளும் நரம்புக்குள்ளும் புகுந்துவிடுகின்றன. நன்மையும் ஆபத்தும் இந்த ஒரே குணத்திலிருந்துதான் வருகின்றன.

தமிழில் இவற்றை 'அத்தியாவசிய எண்ணெய்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இந்தப் பெயர் மீது வருத்தம் உண்டு. மூலப்பெயரான 'எசென்ஷியல் ஆயில்' என்பதில் இருப்பது 'எசன்ஸ்', அதாவது சாரம். உடலுக்கு அவசியம் என்ற அர்த்தமே அதில் கிடையாது. பெயரைக் கேட்டுவிட்டு, தினமும் உள்ளுக்கு எடுக்க வேண்டிய சத்து என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லப்போனால் இது நாம் பழகிய எண்ணெயே இல்லை. சமையல் எண்ணெய் ஒரு சொட்டு காகிதத்தில் விழுந்தால் கறை அப்படியே நிற்கும். லாவெண்டர் எண்ணெய்ச் சொட்டு கொஞ்ச நேரத்தில் ஆவியாகிப் போய்விடும்.

பெரும்பாலும் நீராவியை வைத்துத்தான் இதை வடிக்கிறார்கள். இலை, பூ, பட்டை எதுவானாலும் அதன் ஊடே நீராவியைச் செலுத்தினால், வாசனைப் பொருள்கள் ஆவியோடு கிளம்பி வரும். அதைக் குளிர்வித்தால் தண்ணீர் தனியாகவும் எண்ணெய் தனியாகவும் பிரிந்துவிடும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3 டன்னுக்கும் மேல் இதழ் வேண்டும். கையில் இருக்கிற சின்ன பாட்டிலில் ஒரு தோட்டமே அடங்கியிருக்கலாம். 'இயற்கைதானே' என்று சொல்லும்போது இந்தச் செறிவு நம் கணக்கில் வருவதில்லை.

'அரோமாதெரபி' என்ற சொல் நமக்கு வந்தது பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மோரிஸ் கட்டஃபோசே வழியாக. 1910இல் ஆய்வக வெடிவிபத்தில் அவருடைய கை வெந்தது. வலியில் தற்செயலாக லாவெண்டர் எண்ணெயில் கையை முக்கினார், தழும்பே இல்லாமல் ஆறியது என்ற கதை பலருக்குத் தெரியும். அவர் எழுதியது வேறு: புண் அழுகத் தொடங்கிய பிறகு, தெரிந்தே லாவெண்டரால் கழுவினார். 1937இல் இந்தச் சொல்லையே தலைப்பாக்கிப் புத்தகம் எழுதினார். அவரை ஈர்த்தது கிருமியைக் கொல்லும் ஆற்றல். மனதுக்கு இதம் என்கிற பேச்சு பின்னால்தான் சூடுபிடித்தது.

சரி, முகர்ந்தால் என்ன நடக்கிறது? மூக்கின் மேற்கூரையில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை. இவற்றை உருவாக்கும் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்துதான் மூளையின் புறணிக்குப் போகும். வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் பொறுப்பான பகுதிகளை நேரே தொட்டுவிடுகிறது. எங்கோ ஒரு சோப்பு வாசம் வந்ததும் பல வருடத்துக்கு முந்தைய ஒரு மதியம் கண்முன் வந்து நிற்பது இதனால்தான்.

ஆக, மனநிலை மாறுவது உண்மை. அது உடல்வரை இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 56 பேருக்கு எலுமிச்சை, லாவெண்டர், வெறும் தண்ணீர் ஆகியவற்றை முகரக் கொடுத்துப் பார்த்தார்கள். எலுமிச்சை மனநிலையை உயர்த்தியது. காயம் ஆறுவது வேகமாகவில்லை, வலி குறையவில்லை, நோய் எதிர்ப்பாற்றலும் கூடவில்லை. மனம் லேசாவதும் பெரிய விஷயம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நோயை வாசனை குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மெந்தால் இதற்கு நல்ல உதாரணம். மூக்கடைப்பில் அதை முகர்ந்ததும் மூக்கு திறந்துகொண்டது போல இருக்கும். காற்று போகிற வழியை அளந்தால் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. குளிரை உணரும் நரம்பு ஏற்பியை மெந்தால் தூண்டிவிடுகிறது. மூளை அதைக் குளிர்ந்த காற்று என்று எடுத்துக்கொள்கிறது.

வாசனையை விட்டுவிட்டு வேதிப்பொருளாக மட்டும் பார்த்தால், சில எண்ணெய்களுக்கு நல்ல சான்று உண்டு. குடல் எரிச்சல் நோய்க்கு மிளகுக்கீரை (பெப்பர்மின்ட்) எண்ணெயைக் கேப்ஸ்யூலில் தருகிறார்கள். அதன் மேலுறை இரைப்பையைத் தாண்டிக் குடலில்தான் கரையும். அங்கே அதிலுள்ள மெந்தால் குடல் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்து, பிடிப்பைத் தளர்த்துகிறது. தேயிலை மர (டீ ட்ரீ) எண்ணெய் 5 சதவீதம் கலந்த ஜெல் முகப்பருவைக் குறைக்கிறது, மெதுவாகத்தான். கிராம்பின் யூஜெனால் பல் மருத்துவர்கள் பயன்படுத்துகிற பொருள். இவை எல்லாவற்றிலும் அளவு முன்பே தீர்மானிக்கப்பட்டது, போகிற வழியும் தீர்மானிக்கப்பட்டது. பாட்டிலைத் திறந்து நாமே தண்ணீரில் சொட்டிக் குடிப்பதில் இந்த இரண்டுமே இல்லை. போதாததற்கு, எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மிதந்து, வாயையும் தொண்டையையும் நேரடியாக எரிக்கும்.

எனக்கு அதிகம் பயம் தருவது குழந்தைகள் விஷயம். விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூனில் இருக்கிற சாலிசிலேட் என்ற ஆஸ்பிரின் இனத்துப் பொருள், 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கும் மேல் ஈடானது. கற்பூர எண்ணெயும் யூகலிப்டஸ் தைலமும் சில மில்லி லிட்டர் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். விழுங்கிவிட்டால் தயவுசெய்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அங்கே அழற்சியை உண்டாக்கும். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் மூக்கருகே மெந்தால், கற்பூரத் தைலம் தடவுவதும் கூடாது, மூச்சு திணறக்கூடும்.

தோலில் தடவப் போகிறவர்கள் சுத்த எண்ணெயை அப்படியே தேய்க்கக் கூடாது. 10 மி.லி. சமையல் எண்ணெயில் 4 சொட்டு கலந்தால் சுமார் 2 சதவீதம் வரும், அது போதும். முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மற்ற இடத்துக்குப் போகலாம். பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளம் வரும், கருமை மாதக்கணக்கில் நிற்கும். புற ஊதாக் கதிர் பட்டதும் அதிலுள்ள பெர்கப்டீன் தோல் செல்களைத் தாக்குவதுதான் காரணம்.

பழைய பாட்டிலையும் கவனியுங்கள். லிமோனினும் லாவெண்டரின் லினாலூலும் காற்றுப் பட்டுப் பட்டு வேறு பொருளாக மாறுகின்றன. அலர்ஜியை அதிகம் கிளப்புவது அந்த மாறிய பொருள்தான். அடர்நிறக் கண்ணாடியில் அடைத்து, குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்வது இதற்காக.

டிஃப்யூசர், அதாவது வாசனையை அறையில் பரப்பும் கருவி, போடுகிறவர்கள் கால்மணி, அரைமணி நேரத்தில் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பது நல்லது. மூடிய அறையில் இந்த ஆவி காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவையும் நுண்துகள்களையும் உண்டாக்குகிறது. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் அதுவும் வேண்டாம். பூனை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இந்தப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் ஒரு நொதி பூனையின் கல்லீரலில் சரியாக வேலை செய்வதில்லை. மயிரில் படிந்ததை அது பகல் முழுக்க நக்கி நக்கி விழுங்கிக்கொண்டே இருக்கும்.