கருவி ஏறச் சொல்லும்போது கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னால்

சிமுலேட்டர் பயிற்சிக்கு வரும் விமானிகளுக்கு நான் வழக்கமாக ஒரு சோதனை வைப்பேன். 36,000 அடியில் எல்லாம் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்போது 'டிராஃபிக், டிராஃபிக்' என்று டீகாஸ், அதாவது வேறு விமானத்தோடு மோதாமல் எச்சரிக்கும் கருவி, குரல் கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் 'கிளைம்ப், கிளைம்ப்' என்று ஏறச் சொல்லும். அதே நேரம் பார்த்து நான், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் குரலில், 'உடனே 35,000 அடிக்கு இறங்குங்கள்' என்பேன். நன்றாகப் படித்துவிட்டு வந்தவர்களுக்கும் கை ஒரு கணம் தயங்கும்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. புறப்பட்டதிலிருந்து தரையிறங்கும் வரை நாங்கள் கேட்டு நடப்பது கட்டுப்பாட்டாளரின் குரலைத்தானே.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே இது நிஜமாகவே நடந்தது. மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா போன டுபோலெவ் 154 பயணிகள் விமானம், இத்தாலியிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போன போயிங் 757 சரக்கு விமானம், இரண்டும் 36,000 அடியில். அந்த வான்பகுதியைக் கவனித்த சூரிச் கட்டுப்பாட்டு மையத்தில் ஒரே ஒருவர் இரண்டு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். சக ஊழியர் ஓய்வெடுக்கப் போயிருந்தார். பராமரிப்பு வேலையால் முக்கியத் தொலைபேசி இணைப்பும் அன்று இல்லை. ஆபத்தைக் கவனித்துவிட்ட ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையம் கூப்பிட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை.

மோதலுக்கு முக்கால் நிமிடம்கூட இல்லாதபோது சூரிச் கட்டுப்பாட்டாளர் டுபோலெவை இறங்கச் சொன்னார். சில நொடிகளில் அதன் டீகாஸ் ஏறச் சொன்னது. 'ஏறச் சொல்கிறதே' என்று துணை விமானி சொல்லியும், கேப்டன் தரைக்குரலையே நம்பினார். போயிங்கின் டீகாஸ் இறங்கச் சொல்ல, அதுவும் இறங்கியது. 71 பேர் இறந்தார்கள். டுபோலெவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள்.

கருவியை ஏன் நம்ப வேண்டும்? இரண்டு விமானங்களின் டீகாஸும் தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் 'நீ மேலே, நான் கீழே' என்று முடிவெடுக்கின்றன. தரையில் இருப்பவருக்கு அந்தப் பேச்சு கேட்பதில்லை. அவர் பார்க்கும் ரேடார் திரையும் சில நொடிகளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். ஒருவர் கருவி சொன்னபடி நடந்து மற்றவர் எதிர்மாறாக நடந்தால், கருவியே இல்லாததைவிட மோசம்.

வேதனை என்னவென்றால், அதற்கு ஒன்றரை வருடம் முன்பே, 2001 ஜனவரி 31 அன்று, ஜப்பானில் இதே கதை நடந்திருந்தது. பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொல்லும்போது விமான எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டார். டீகாஸ் ஏறச் சொல்லியும் ஜப்பான் ஏர்லைன்ஸ் 907 இறங்கியது. இரண்டு விமானங்களிலுமாக 677 பேர், நூலிழையில் தப்பினார்கள். அப்போதே விதியைத் தெளிவாக்கியிருக்கலாம். சர்வதேச விதி திருத்தப்பட்டது 2003 நவம்பரில்தான்: முரண்பட்டால் கருவி சொல்வதே இறுதி. 'டீகாஸ் ஆர்.ஏ.' (கருவி ஏறவோ இறங்கவோ சொல்கிறது) என்று விமானி சொல்லிவிட்டால், கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்தின் பாதையை மாற்றச் சொல்லக் கூடாது.

நம் நாட்டில் டீகாஸ் கட்டாயமானதற்கு 1996-இல் ஹரியானாவின் சர்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதியதில் 349 உயிர்களை விலையாகக் கொடுத்தோம். அங்கே முரண்பாட்டுக்கே இடமில்லை. எச்சரிக்க எந்தக் கருவியும் இல்லை.

எனக்கும் ஒருமுறை வானில் டீகாஸின் குரல் கேட்டது. எங்களுக்கு 1,000 அடி கீழே நிற்க வேண்டிய விமானம் வேகமாக ஏறி வந்ததால் கருவி பதறிவிட்டது. அது உரிய உயரத்தில் ஒழுங்காக நின்றுகொண்டது. ஆனால் அதற்குள் கோப்பையிலிருந்த காபி முழுக்க என் சட்டையில். அன்றிலிருந்து கடைசி ஆயிரம் அடியில் நிமிடத்துக்கு 1,500 அடிக்கு மேல் ஏறாதீர்கள் என்று வகுப்பில் நச்சரிக்கிறேன்.

சீட் பெல்ட் விளக்கு அணைந்த பிறகும் பெல்ட் எதற்கு என்று பயணிகள் கேட்பதுண்டு. ஜப்பானில் விமானங்கள் மோதவில்லை. ஆனாலும் 907-இல் சுமார் நூறு பேருக்குக் காயம். கடைசி நொடியில் விமானி விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தியபோது பெல்ட் போடாதவர்களும் பானம் பரிமாறிக்கொண்டிருந்தவர்களும் கூரையில் போய் மோதினார்கள்.