வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை

விடிந்ததும் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தும் பூனை, ஒருநாள் வாயை அகலத் திறக்கிறது. காற்று மட்டும் வருகிறது. பூனை வளர்ப்பவர்களின் வயிற்றைக் கலக்கும் காட்சி இது.

பூனையின் குரல்வளையில் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. அவை நெருங்கி நிற்கும்போது நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரவைக்கிறது, அதுதான் 'மியாவ்'. மடிப்புகள் வீங்கினாலும், நெருங்க முடியாமல் போனாலும் குரல் கம்மிவிடும்.

வீக்கத்துக்குப் பெரும்பாலும் சளிதான் காரணம். ஹெர்பிஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்களே பூனைகளுக்கு அதிகம் சளி பிடிக்கவைப்பவை. தும்மலும் கண்ணில் நீரும் கூடவே இருக்கும். கருத்தடைக்காக மயக்க மருந்து கொடுக்கையில் மூச்சுக்குழாயில் செருகிய குழாய் உரசியும் சில நாள் தொண்டை கரகரக்கலாம். நூலோடு விழுங்கிய ஊசி தொண்டையில் குத்தி நிற்பதும் உண்டு.

மடிப்புகள் அசையாமல் போவதற்குக் காரணம் நரம்பு. மூளையிலிருந்து வரும் அந்த நரம்பு, அருகிலேயே இருக்கும் குரல்வளைக்கு நேராகப் போவதில்லை. இடப்பக்க நரம்பு கழுத்தைக் கடந்து மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியை வளைத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. எவ்வளவு பெரிய சுற்று! அதனால்தான் மார்புக்குள் வளரும் கட்டிகூடக் குரலைப் பறித்துவிடுகிறது. வயதான பூனைகளில் தைராய்டு சுரப்பி வீங்கும்போதும் குரல் மாறலாம்.

மூச்சை இழுக்கும்போது விலகி வழிவிட வேண்டியவையும் இதே மடிப்புகள்தான். ஆகவே குரல் போன பூனையிடம் முதலில் கவனிக்க வேண்டியது மூச்சு. அது தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 30 முறைக்குள் இருக்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

தடுப்பூசி போடாத பூனைக்குக் குரல் மாறி, எச்சில் ஒழுகி, சுபாவமும் மாறினால் ரேபிஸாக இருக்கலாம். அதன் வாய்க்குள் விரலை விடவே கூடாது.

சளிதானே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதைச் செரித்து வெளியேற்றப் போதிய நொதி பூனையின் கல்லீரலில் இல்லை. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறுகள் பழுப்பாகும். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.