பெரியம்மாவின் மாத்திரையும் பரம்பரைக் கேள்வியும்

அம்மாபேட்டைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து 11 வருஷம் ஆகிறது. இன்றைக்கும் சம்பா நடவுக்கு ஆள் சொல்வதும் வரப்பில் நின்று வேலை வாங்குவதும் அவர்தான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பிறையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்குவார். பெரிய லோட்டா நிறையத் தண்ணீரோடு விழுங்குவார். வைத்தியம் அவ்வளவுதான்.

போன தையில் அவர் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் கூடிவந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏன் தம்பி, இது வழிவழியா வருமா?"

கேட்டதில் தப்பே இல்லை. புற்றுநோய் மரபணுக் கோளாறு என்று டாக்டர்களே சொல்கிறார்கள். மரபு என்ற சொல் காதில் விழுந்ததும் பரம்பரை என்று மனசு முடிச்சுப் போட்டுவிடுகிறது. அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது தன் டிஎன்ஏவில் உள்ள சுமார் 600 கோடி எழுத்துகளையும் படியெடுக்கிறது. பிழை வராமல் இருக்காது. பெரும்பாலானவற்றைச் செல்லே திருத்திக்கொள்ளும். தப்பிய ஒன்று, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் விழுந்தால்தான் வினை.

பெரியம்மாவுக்கு வந்தது சி.எம்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் வகை. செல்லுக்குள் டிஎன்ஏவைச் சுருட்டி வைத்திருக்கும் பொட்டலங்கள்தான் குரோமோசோம்கள். எலும்பு மஜ்ஜையில், ரத்த அணுக்களை உண்டாக்கும் ஒரே ஒரு ஸ்டெம் செல்லில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் ஒடிந்து, நுனிகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. குட்டையாகிப்போன அந்த 22-ஆம் குரோமோசோமை 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கண்டுபிடித்தார்கள். அது இடமாற்றத்தால் வந்தது என்று 1973-இல் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஜேனட் ரவுலி.

9-ஆம் குரோமோசோமில் ஏபிஎல் என்றொரு மரபணு இருக்கிறது. அது உண்டாக்கும் புரதம் வாய்க்கால் தலைப்பு ஷட்டர் மாதிரி. வேண்டும்போது ஏறி "பிரி" என்ற கட்டளையை விடும், போதும் என்றால் இறங்கிவிடும். இடம் மாறி, 22-ஆம் குரோமோசோமில் உள்ள பிசிஆர் (BCR) என்ற மரபணுவோடு ஒட்டியதும் ஷட்டர் ஏறிய இடத்திலேயே இறுகிவிட்டது. கட்டளை ஓயாமல் ஓடுகிறது, வெள்ளணுக்கள் பெருகிக்கொண்டே போகின்றன. 11,000-க்குள் இருக்க வேண்டிய எண்ணிக்கை பெரியம்மாவுக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. மண்ணீரல் வீங்கி, குனிந்து நாற்றுப் பறிக்க முடியவில்லை.

இந்த ஒடிவு நடந்தது மஜ்ஜைச் செல்லில். பிள்ளை உருவாகும் கருமுட்டையில் அது இல்லை. வயலில் நிற்கும் பயிரில் ஒரு தூர் கெட்டால், வீட்டில் கோட்டை கட்டி வைத்த விதைநெல்லுக்கு என்ன? அதைத்தான் அந்த அம்மாவிடமும் சொன்னேன்.

வழிவழியாக வருவது இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். மொத்தப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம் அப்படித்தான். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ மரபணுக்களில் பிழை இருந்தால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு சரிபாதி. அப்போதும் பிள்ளைக்குப் போவது நோயல்ல, பாதுகாப்புக்கு இருந்த இரண்டு மடையில் ஒன்று உடைந்த நிலை. மிச்சம் ஒன்று உடைந்தால்தான் ஆபத்து. அம்மாவுக்கும் சித்திக்கும் இளவயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்த வீடுகளில் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நம் பக்கத்தில் கண்ணெதிரே பார்ப்பது வேறு: வெற்றிலையோடு புகையிலையை அதக்கி வைத்து வருஷக்கணக்கில் கன்னத்துச் செல்களின் மரபணுக்களைக் கெடுத்துக்கொள்வது. பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். அங்கே ஒரு பிழை இல்லை, பல பிழைகள் சேர்கின்றன. பழுதான செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 மரபணுவும் பல நேரம் அதில் போய்விடுகிறது.

பல பிழை என்பதால் வைத்தியமும் கடினம். அறுவை செய்வார்கள், ஊரில் சொல்கிறபடி கரண்ட் வைப்பார்கள் (கதிர்வீச்சு சிகிச்சை), கீமோ என்ற மருந்து கொடுப்பார்கள். வேகமாகப் பிரியும் செல் எதுவானாலும் கீமோ தாக்கும். தலைமுடி வேரும் வாயின் உள்தோலும் அப்படிப் பிரிபவை, அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது.

பெரியம்மா சாப்பிடும் இமாட்டினிப் என்ற மாத்திரை அப்படி இல்லை. இறுகிப்போன அந்த ஷட்டர் புரதம் வேலை செய்ய ஏடிபி என்ற எரிபொருள் வந்து உட்கார ஒரு குழி உண்டு. மாத்திரை அந்தக் குழியில் போய் அடைத்துக்கொள்கிறது. கட்டளை நின்றதும் நோய்ச்செல்கள் மடிகின்றன. அமெரிக்காவில் 2001-இல் அனுமதி பெற்ற இந்த மருந்துக்கு நோவார்டிஸ் என்ற சுவிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை, சென்னை காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கிய வழக்கில், 2013-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. நம் நாட்டுக் கம்பெனிகள் மலிவாகச் செய்யும் மாத்திரை இன்று பெரியம்மா கைக்கு வருகிறது என்றால் அந்தத் தீர்ப்பை மறக்க முடியாது.

ஆனால் மாத்திரை ஒடிந்த குரோமோசோமைச் சரிசெய்வதில்லை. நோயுள்ள ஸ்டெம் செல் சில மஜ்ஜையில் பதுங்கியே கிடக்கும். ஒரு அறுவடை நேரத்தில், உடம்புதான் தேறிவிட்டதே என்று பெரியம்மா இரண்டு மாதம் நிறுத்திப் பார்த்தார். அடுத்த ரத்தப் பரிசோதனையில், ஒட்டிப்போன அந்த பிசிஆர்-ஏபிஎல் மரபணுவின் அளவு ஏறியிருந்தது. திரும்ப இறங்க ஆறு மாதம் பிடித்தது.

இதையும் மறைக்காமல் மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப கல்யாண வேலையில சம்பந்தியம்மா மாத்திரையை மறந்துடாம நீதான் பாத்துக்கணும் தம்பி" என்றார்.